விடுவதற்காகப் பிடிக்கிற மீன்

ஹேவர்ட் ஊரில் மீனின் வயிற்றுக்குள் ஏறிப் போகலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் காட்டுக்கும் ஏரிகளுக்கும் நடுவே இருக்கிற சின்ன ஊர் அது. நன்னீர் மீன்பிடிப்புக்கென்று அங்கே ஒரு தேசியப் புகழ்க்கூடம் வைத்திருக்கிறார்கள். அதன் வளாகத்தில் கண்ணாடி இழையில் செய்த 143 அடி நீள மீன் ஒன்று, நாலரை மாடி உயரத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. படியேறி அதன் கீழ்த்தாடையில், பற்களுக்கு நடுவில் நின்று ஊரைப் பார்க்கலாம். அந்த வாயில் கல்யாணம்கூட நடக்குமாம். மஸ்கலஞ் என்பது மீனின் முழுப்பெயர். எல்லோரும் சொல்வது மஸ்கி. 1955 முதல் இதுதான் விஸ்கான்சினின் மாநில மீன்.

கூடத்துக்குள்ளே பழைய படகு மோட்டார்கள், ரீல்கள், பாடம் பண்ணிய மீன்கள் என்று வரிசை வரிசையாக. நான் அதிக நேரம் நின்றது சாதனைக் கணக்குகளின் முன்னால். 1949 அக்டோபர் 20ஆம் தேதி லூயி ஸ்ப்ரே என்ற மதுக்கடைக்காரர், ஹேவர்ட்டுக்குக் கிழக்கே இருக்கிற சிப்பெவா நீர்த்தேக்கத்தில் 69 பவுண்டு 11 அவுன்ஸ் எடையுள்ள மஸ்கி பிடித்ததாகப் பதிவு. நம் கணக்கில் முப்பத்தொன்றரைக் கிலோவுக்கு மேல். அதே வருடம் ஜூலை 24ஆம் தேதி பக்கத்து ஏரியில் கால் ஜான்சன் என்பவர் 67 பவுண்டு 8 அவுன்ஸில் ஒன்று பிடித்தார். அந்த ஏரியை வரைபடத்தில் லாக் கூர்ட் ஒரேய் என்று எழுதியிருக்கிறார்கள், உள்ளூரில் லக்கூடரே. ஹேவர்ட் கூடம் ஸ்ப்ரேயை உலக சாதனையாளர் என்கிறது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் ஜான்சனை என்கிறது. இரண்டு மீன்களும் சொன்ன அளவு இல்லை என்று பழைய புகைப்படங்களை அளந்து வாதாடுகிறவர்கள் உண்டு. ஸ்ப்ரேயின் மீனைப் பற்றி 2005இல் ஒரு நீண்ட அறிக்கையே கொடுத்துப் பார்த்தார்கள். கூடம் அசையவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கு முன் செத்த ஒரு மீனுக்காக இன்றும் சண்டை போடுகிற ஊரில் எனக்குச் சலிப்பு தட்டாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எனக்கு மறக்காமல் போனது எடையல்ல, வேறொரு தகவல். ஸ்ப்ரேயின் மீனைப் படகோரம் கொண்டுவந்ததும் துப்பாக்கியால் தலையில் சுட்டுத்தான் உள்ளே ஏற்றினார்கள். அன்று அது சட்டத்துக்கு உட்பட்டது, வழக்கமும் அதுதான். இவ்வளவு பெரிய பல்லுள்ள மீன் உயிரோடு படகுக்குள் துள்ளினால் ஆளுக்கு ஆபத்து.

என்னைக் கூட்டிப் போனவரின் படகில் துப்பாக்கி இல்லை. அதற்குப் பதிலாக என்னென்ன இருந்தன என்பதுதான் இந்தப் பயணத்தில் நான் கண்ட விசேஷம்.

அவர் எனக்குச் சம்பந்தி. தம்பி மகன் மினியாபொலிஸில் வேலை பார்க்கிறான். கட்டிக்கொண்டது ஹேவர்ட்டுப் பெண்ணை. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு மதுரை வந்திருந்தபோது வைகைப் பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி, "இதில் என்ன மீன் கிடைக்கும்?" என்று கேட்டார். ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை. ஊரில் யாரோ சொல்லிக்கொடுத்த 'சம்பந்தி' என்ற ஒரு சொல்லை இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறார். நானும் அவரை அப்படியே கூப்பிடுகிறேன். அறுபதைத் தாண்டிய இரண்டு பேருக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைவிட அது வசதியாக இருக்கிறது.

நான் மினியாபொலிஸ் போயிருந்தது செப்டம்பர் கடைசியில். சம்பந்தி போன் செய்தார். "மஸ்கி பிடிக்க வாங்க சம்பந்தி. கிடைக்காது. இருந்தாலும் வாங்க." இப்படி ஒரு அழைப்பை நான் யாரிடமிருந்தும் கேட்டதில்லை. கிளம்பிவிட்டேன்.

தம்பி மகன் காரோட்டினான். டெய்லர்ஸ் ஃபால்ஸில் செயின்ட் குரோய் ஆற்றைக் கடந்தால் அந்தக் கரை விஸ்கான்சின். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. வழியில் ஸ்பூனர் என்ற ஊரில் மாநில அரசின் மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. வசந்தத்தில் ஏரிகளிலிருந்து தாய் மீன்களைப் பிடித்து முட்டை எடுத்துக்கொண்டு, மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள். குஞ்சுகளைக் குளங்களில் வளர்த்து, ஒரு சாண் நீளத்துக்கு மேல் ஆனபின் இலையுதிர் காலத்தில் ஏரிகளில் கொண்டுபோய் விடுவார்கள். வளர்ப்பதில் உள்ள தொல்லை, மஸ்கிக் குஞ்சு சிறு வயதிலிருந்தே உயிருள்ள மீனைத்தான் தின்னும். தீவனம் பற்றாவிட்டால் கூடப் பிறந்ததையே தின்றுவிடும். ஆகவே மஸ்கியை வளர்க்க, அதற்குத் தீனியாக வேறு மீன்குஞ்சுகளையும் வளர்க்க வேண்டியிருக்கிறது. விஸ்கான்சினில் இந்த வேலை 1890களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது.

அன்று இரவு சம்பந்தியின் கார் கொட்டகையில் மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். முதலில் கோல்கள். ஒன்பது அடி நீளம், கட்டை விரல் தடிமன். ரீலில் 80 பவுண்டு எடை தாங்குகிற பின்னல் நூல். அதன் முனையில் ஒரு முழத்துக்கு எஃகுக் கம்பி, மீன் கடித்து அறுக்காமலிருக்க. பிறகு பொய்யிரைகள். இரண்டு பித்தளைத் தகடுகள் சுழல, பின்னால் குஞ்சம் தொங்குகிற பக்டெயில் ஒரு வகை. அந்தக் காலத்தில் குஞ்சம் மான் வால் மயிர், இப்போது பளபளக்கிற ஜரிகை. சூயிக் என்ற மரக்கட்டை இன்னொரு வகை. விஸ்கான்சினிலேயே ஆன்டிகோ ஊரில் பிறந்த சரக்கு. பிறகு என் முழங்கை அளவில் ஒரு ரப்பர் மீன். ஒவ்வொன்றும் இருபது, முப்பது டாலர். நான் கண்மாயில் மூங்கில் கோலும் மண்புழுவும் வைத்துக் கெளுத்தி பிடித்த ஆள். அந்த இரைகளின் அளவில் ஒரு மீன் அன்று கிடைத்திருந்தால் தெருவெல்லாம் காட்டியிருப்பேன்.

பிடிக்கிற சாமான் அவ்வளவுதான். மேசையின் மறுபாதி முழுக்க விடுகிற சாமான். ஒரு குழந்தை உள்ளே படுக்கிற அளவுக்குப் பெரிய வலை. மீனின் வழவழப்புத் தோல் உரியாமலிருக்க வலைக்கு ரப்பர் பூச்சு. தொண்டைக்குள் போன கொக்கியை எட்டிப் பிடிக்க ஒரு முழ நீளக் குறடு. கழற்ற முடியாத கொக்கியை அங்கேயே வெட்டிப்போட, இரும்பை வெட்டுகிற கட்டர். செவுள் மூடிக்குள் கை விட்டுப் பிடிக்கக் கையுறை. மிதக்கிற அளவுகோல். வாயை விரித்துப் பிடிக்க ஒரு கருவி. அதோடு கட்டரில் இன்னொன்று, முதல் கட்டர் தண்ணீரில் விழுந்துவிட்டால் எடுப்பதற்கு.

"ரெண்டு கட்டரா?" என்றேன்.

"கோல் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போவேன். கட்டர் ரெண்டு இல்லாம போக மாட்டேன்" என்றார்.

கனமான கோலுக்கும் தடித்த நூலுக்கும்கூட அவர் சொன்ன காரணம் இதே வழியில்தான் போனது. மெல்லிய நூலில் பெரிய மீனைப் போராடிப் பிடிப்பது பெருமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். மஸ்கிக்காரர்கள் அதை அலட்சியமாகப் பார்க்கிறார்கள். நேரம் நீள நீள மீன் களைத்து, உடம்பில் அமிலம் ஏறி, விட்ட பிறகு செத்துப்போகும். ஆகவே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் படகுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குத்தான் கயிறு மாதிரி நூல்.

இந்தப் பழக்கம் தானாக வந்துவிடவில்லை. 1966இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தில் கில் ஹாம் என்பவர் 'மஸ்கீஸ் இன்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். குஞ்சு வளர்த்து ஏரிகளில் விடுவதும், பிடித்ததை உயிரோடு விடச் சொல்லிக் கொடுப்பதும் அதன் வேலை. அதற்கு முன் மீனைத் தூக்கிப்போய் மதுக்கடைச் சுவரில் மாட்டினால்தான் பிடித்ததாக அர்த்தம். இப்போது மீனைக் கொன்று கொண்டுவந்தவரை ஹேவர்ட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களாம். சட்டப்படி நாளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மாநிலத்தின் பெரும்பாலான ஏரிகளில் அது 40 அங்குலமாவது இருக்க வேண்டும். லக்கூடரேயில் 50 அங்குலம். ஆனாலும் எடுப்பவர் மிகக் குறைவு. மனைவியிடம் போனில் இதைச் சொன்னேன். "குழம்புக்கும் ஆகாது, விக்கவும் முடியாது, பிறகு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்றாள். என்னிடம் அப்போது பதில் இல்லை.

விடியுமுன் புறப்பட்டோம். தம்பி மகன், "நீங்க போயிட்டு வாங்க பெரியப்பா, எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று போர்வைக்குள் போய்விட்டான். பெண் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த பையைப் படகுத்துறையில் சம்பந்தி பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக் காரிலேயே வைத்துப் பூட்டினார். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் விழாது என்பது அவர்கள் நம்பிக்கை. எந்த நல்ல காரியத்தையும் வாழைப்பழம் வைத்துத் தொடங்குகிறவன் நான். வாயைத் திறக்கவில்லை. படகு அவருடையது.

சிப்பெவா நீர்த்தேக்கம் 15,000 ஏக்கருக்கு மேல். டீத் தண்ணீர் நிறம். சதுப்பு நிலத்துச் சாறும் மக்கிய இலையும் கலந்து அந்த நிறம் வருகிறது. இரண்டு மூன்று அடிக்குக் கீழே எதுவும் தெரியாது. எங்கே பார்த்தாலும் தீவு. தீவுகளில் சில உண்மையில் மிதப்பவை. அடித்தரையிலிருந்து பெயர்ந்து மேலே வந்த புல்கரண்கள் நாளடைவில் மரம் முளைத்துத் தீவாக நிற்கின்றன. அப்படி ஒன்று பல ஏக்கர் பரப்புள்ளது. காற்றில் நகர்ந்துபோய்ப் பாலத்தின் அடியில் படகு வழியை அடைத்துக்கொள்ளும். அப்போது ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளோடு சேர்ந்து வந்து, மோட்டாரை முடுக்கித் தீவைத் தள்ளி வேறிடத்தில் விடுவார்கள். சம்பந்தியும் தள்ளியிருக்கிறார்.

இது இயற்கை ஏரியல்ல. 1923இல் சிப்பெவா ஆற்றின் குறுக்கே அணை கட்டி, பல சிறு ஏரிகளை மூழ்கடித்து உண்டாக்கியது. மூழ்கியவற்றில் லக்கூடரே ஒஜிப்வே பழங்குடி மக்களின் போஸ்ட் என்ற கிராமமும், அவர்கள் அறுவடை செய்து தின்ற காட்டரிசி வயல்களும், இடுகாடுகளும் உண்டு. மக்கள் ஒப்புக்கொள்ளாமலேயே அணை எழும்பியது. 1971இல் அவர்கள் அந்த அணையையே முற்றுகையிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு 1974இல் டிரிபிள் என்ற சகோதரர்கள் இருவர் தங்கள் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தின் எல்லையைத் தாண்டி, இதே நீர்த்தேக்கத்தைச் சேர்ந்த சீஃப் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து ஈட்டியால் மீன் குத்தினார்கள். வேண்டுமென்றே கைதாகி வழக்கை உண்டாக்கினார்கள். 1837, 1842 உடன்படிக்கைகளில் தங்கள் முன்னோர் நிலத்தைத்தான் கொடுத்தார்கள், வேட்டையாடும் உரிமையையும் மீன்பிடி உரிமையையும் கொடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதன்பின் சில ஆண்டுகள் வசந்த காலத்தில் படகுத்துறைகளில் வெள்ளைக்காரக் கூட்டம் திரண்டு, மீன் குத்த வந்தவர்கள்மேல் கல்லெறிந்தது, வசை பாடியது. சம்பந்தி ஒரு துறையைக் கைகாட்டி, அந்த இரவுகளில் ஒன்றில் தானும் அங்கே நின்றதாகச் சொன்னார். எந்தப் பக்கம் நின்றார் என்று நான் கேட்கவில்லை. "அவங்க குத்தினதால இந்த ஏரி காலியாயிடல சம்பந்தி. நாங்கதான் காலியாயிடும்னு கத்தினோம்" என்று அவரே பிறகு சொன்னார். இன்று நீர்த்தேக்கத்தைப் பராமரிப்பதில் பழங்குடி அரசும் மாநில அரசும் மத்திய வனத்துறையும் சேர்ந்தே முடிவெடுக்கின்றன.

மோட்டாரை நிறுத்தினார். மூழ்கிய மேடு ஒன்று. மேலே களை, ஓரத்தில் சட்டென்று ஆழம். மஸ்கி நிற்பது இந்த மாதிரி இடத்தில்தான். அதற்கு முதுகுத் துடுப்பு வாலை ஒட்டிப் பின்னால் இருக்கிறது. நெடுந்தூரம் துரத்துகிற உடம்பல்ல. மறைந்து நின்று ஒரே பாய்ச்சலில் கவ்வுகிற உடம்பு. பெரிய மீனாக விழுங்கிவிட்டால் சில நாளைக்கு அசையாமல் கிடக்கும். நாம் போகிற நேரம் அதற்குப் பசிக்க வேண்டும் என்பது முதல் சிக்கல். அது இருக்கிற இடத்தில் நாம் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. மஸ்கி நன்றாகப் பெருகிய ஏரியிலும் மூன்று நான்கு ஏக்கருக்கு ஒரு பெரிய மீன் இருந்தால் அதிகம். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இதற்குப் பட்டப்பெயர். நிலா உதிக்கிற நேரம், மறைகிற நேரம், உச்சிக்கு வருகிற நேரம் எல்லாம் சம்பந்தியின் சட்டைப்பை நோட்டில் குறித்திருந்தன. அந்த வேளைகளில் மீனுக்குப் பசியெடுக்கும் என்கிறார். நல்ல நேரம் பார்ப்பதில் அவர் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் குறைந்தவரில்லை.

வீசக் கற்றுக்கொடுத்தார். இரண்டு கையாலும் கோலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் எறிய வேண்டும். இரை தண்ணீரில் விழுகிற கணம் கட்டை விரலால் ரீலை அமுக்க வேண்டும், இல்லையென்றால் நூல் சிக்கிப் பின்னிக்கொள்ளும். விழுந்ததும் வேகமாகச் சுற்றி இழுக்க வேண்டும். பக்டெயிலின் தகடுகள் சுழல்வது கோல் வழியாகக் கைக்கு அதிர்வாக வரும். அந்த அதிர்வு நின்றால் இரையில் களை சிக்கியிருக்கிறது, அல்லது மீன். எப்போதும் களைதான். ஒரு மணி நேரத்தில் என் வலது தோள் தனக்குத் தனியாக ஒரு வயது உண்டு என்று காட்டிவிட்டது. சம்பந்தி என்னைவிட மூத்தவர். சீராக வீசிக்கொண்டே, தன் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த விளையாட்டின் உயிர் வீச்சில் இல்லை, கடைசிப் பத்தடியில் இருக்கிறது. மற்ற மீன்பிடிப்பில் இரை படகுக்கு வந்துவிட்டால் அந்த வீச்சு முடிந்தது. எடுத்து மறுபடி வீச வேண்டியதுதான். மஸ்கி அப்படியல்ல. இரையின் பின்னாலேயே ஓசையில்லாமல் வந்து, படகோரம் வரை தொடர்ந்து பார்க்கிற புத்தி அதற்கு. அதனால் இரையைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது. கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, இடுப்பை வளைத்து, படகோரத்திலேயே அகலமாக எட்டுப் போட வேண்டும். லைசென்ஸ் எடுக்க ஆர்டிஓ மைதானத்தில் கால் ஊன்றாமல் போடுகிறோமே, அதே எட்டுத்தான்; இங்கேயும் பரீட்சை வளைவில்தான். நேர்கோட்டில் வருகிற இரையைப் பார்த்துக்கொண்டே வருகிற மீன், அது சட்டென்று திரும்புகிறபோது தப்பிக்கிறதென்று நினைத்துப் பாயும். மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு. "தெரியாத மீனுக்கும் போடுங்க சம்பந்தி. இந்தத் தண்ணியில பாதி மீன் நமக்குத் தெரியாமத்தான் திரும்பிப் போகுது."

பத்து மணி வாக்கில் அது வந்தது. மேகம் கூடி, காற்று திசை மாறியிருந்தது. என் இரை படகுக்கு நெருங்கியபோது அதன் பின்னால் தண்ணீரின் பழுப்பு நிறம் கொஞ்சம் கெட்டியானதுபோல இருந்தது. பிறகு அந்தக் கெட்டிக்கு ஒரு முகம் வந்தது. வாத்தின் அலகு போலத் தட்டையான முகம், மேலே பார்க்கிற கண்கள், பச்சைப் பழுப்பு உடம்பில் குறுக்குப் பட்டைகள். நகர்வதாகவே தெரியவில்லை, இரைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம், அந்தத் தூரம் கூடவுமில்லை குறையவுமில்லை. சம்பந்தி குரலை உயர்த்தாமல், "போடுங்க, எட்டு, அகலமா, அகலமா" என்றார். போட்டேன். மீன் முதல் வளைவில் கூடவே திரும்பியது. இரண்டாவதிலும் திரும்பியது, அப்போது அதன் முழு நீளமும் படகுக்கு இணையாக என் காலடியில் நின்றது. வாயைத் திறந்தால் பின்னோக்கிச் சாய்ந்த பற்கள் தெரியும் என்று படித்திருக்கிறேன். திறக்கவில்லை. மூன்றாவது வளைவில் இரையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பதுபோல ஒரு கணம் நின்று, கீழே இறங்கிவிட்டது. பாய்ந்தோடவில்லை. அக்கறையில்லாமல் போனது.

கை நடுங்கியதால் உட்கார்ந்தேன். சம்பந்தி கையைக் குலுக்கினார். நோட்டை எடுத்து நேரம், தண்ணீரின் வெப்பம், காற்று, இரையின் நிறம், 'தொடர்ந்தது, 45க்கு மேல்' என்று எழுதினார். பிடித்த மீனுக்கும் தொடர்ந்த மீனுக்கும் அந்த நோட்டில் ஒரே அளவு இடம். சாயங்காலம் நிலா எழும் நேரத்தில் இதே மேட்டுக்குத் திரும்பி வருவோம் என்றார். தொடர்ந்த மீன் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்ட மீன்.

நடுப்பகல் வீணானது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். லூன் பறவை ஒன்று எங்கோ கூவியது. கழுகு ஒன்று பட்டமரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட எங்களுக்கு வேலை அதிகம், வரவு குறைவு.

நான்கு மணிக்குப் பிறகு வேறொரு தீவின் முனையில் சம்பந்தியின் கோல் வளைந்தது. படகோரத்தில் அல்ல, நடு இழுப்பிலேயே. மீன் ஒருமுறை முழு உடம்பும் வெளியே வர எகிறி, தலையை உதறியது. அவர் பேசவே இல்லை. என்னைப் பார்த்து வலையைக் கண்ணால் காட்டினார். காலையிலேயே பாடம் சொல்லியிருந்தார்: வலையை மீன்மேல் போடக் கூடாது, தண்ணீருக்குள் முன்பே இறக்கி வைத்து, மீனின் தலை உள்ளே வந்ததும் தூக்க வேண்டும், வால் பக்கத்திலிருந்து வலை போட்டால் ஒரே உதறலில் போய்விடும். தலை வந்தது. தூக்கினேன். கை இறங்கிவிடும்போல இருந்தது.

"மேலே தூக்காதீங்க. தண்ணியிலேயே இருக்கட்டும்."

அப்போதுதான் மேசையின் அந்த மறுபாதிக்கு வேலை வந்தது. படகோரத்தில் தொங்கிய வலைக்குள், தண்ணீரில் நின்றபடியே மீன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூன்று முனைக் கொக்கியில் ஒன்று கீழ்த்தாடையில், இன்னொன்று வலையில். சம்பந்தி கையுறை மாட்டி, குறட்டால் ஒருமுறை திருகிப் பார்த்தார். வரவில்லை. இரண்டாவது முறை முயற்சிக்காமல் கட்டரை எடுத்துக் கொக்கியைத் துண்டாக வெட்டிவிட்டார். முப்பது டாலர் இரையை நறுக்கியதில் அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. மிதக்கிற அளவுகோலை மீனோடு சேர்த்துப் பிடித்தார்: 41 அங்குலம். சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதன் கீழ்த்தாடையின் அடியில் வரிசையாகச் சிறு துளைகளைக் காட்டினார். ஒரு பக்கத்தில் ஆறும் அதற்கு மேலும் இருந்தால் மஸ்கி. ஐந்து அல்லது குறைவென்றால் அதன் தாயாதியான பைக் மீன். வயது பத்துக்குக் குறையாது, இது பெண்ணாகத்தான் இருக்கும் என்றார். பெண்தான் பெரிதாக வளரும். ஐம்பது அங்குலத்தை எட்ட இன்னும் பல வருடம் அது கிடக்க வேண்டும்.

"போட்டோ?" என்றேன்.

"மூச்சை அடக்கிக்கிங்க. உங்களுக்கு முட்டும்போது அதுக்கும் முட்டும்." செவுள் மூடிக்குள் ஒரு கை, வயிற்றின்கீழ் ஒரு கை, கிடைமட்டமாகத் தூக்கினார். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் உறுப்புகளைக் கெடுத்துவிடுமாம். பழைய படங்களில் எல்லா மீனும் அப்படித்தான் தொங்குகிறது. நான் இரண்டு படம் எடுப்பதற்குள் மீன் தண்ணீரில். வாலை ஒட்டிய ஒடுக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தார். இறுக்கமாக, குளிர்ந்து, முழுக்கத் தசை. முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. நேராக நிறுத்திப் பிடித்தால் போதும், தயாரானதும் அதுவே சொல்லும் என்றார். சொல்லியது. வால் ஒருமுறை அடித்ததில் என் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

மனைவியின் கேள்விக்கு அப்போதும் என்னிடம் சரியான பதில் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். ஸ்ப்ரே துப்பாக்கியால் செய்ததைவிட, சம்பந்தி அந்த இரண்டு நிமிடத்தில் கட்டரால் செய்ததற்குத்தான் தைரியமும் பழக்கமும் அதிகம் வேண்டும். பற்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவே கையை விட்டது அவர்தான்.

நிலா எழுகிற நேரத்தில் காலையில் பார்த்த மேட்டுக்குத் திரும்பினோம். இருட்டுகிற வரை வீசினோம், எட்டுப் போட்டோம். ஒன்றும் வரவில்லை. இரவு சாலையோரச் சப்பர் கிளப்பில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். எங்கள் தட்டில் இருந்தது வால்ஐ மீன், முள் குறைவு, நல்ல ருசி. உணவகத்துக்கு அது வருவது பெரும்பாலும் கனடாவிலிருந்து. இத்தனை ஏரிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கனடா மீனைத் தின்பது அங்கே யாருக்கும் விநோதமாகப் படவில்லை. பொழுதுபோக்குத் தூண்டிலில் பிடித்ததை விற்கச் சட்டம் விடாது.

போக நினைப்பவர்களுக்கு: விஸ்கான்சினின் வடபகுதியில் மஸ்கிப் பருவம் மே மாதக் கடைசியில் தொடங்குகிறது. வெளியூர்க்காரர் உரிமம் இரை விற்கிற கடையிலேயே கிடைக்கும். முதல்முறை போகிறவர்கள் கட்டாயம் தெரிந்தவரோடு போங்கள், மீன் பிடிக்க அல்ல, பிடித்ததைக் கழற்ற. செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் போவதானால் துறையில் முதலில் தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள். 27 டிகிரியைத் தாண்டியிருந்தால் படகை இறக்காதீர்கள். அந்தச் சூட்டில் பிடித்து விட்ட மஸ்கி நன்றாகத்தான் நீந்திப் போகும், பிறகு செத்துவிடும்.